வெள்ளியிலிருந்து எவர்சில்வர் வரை: ஒரு ரூபாயின் கதை

எங்கள் பாட்டி வீட்டுப் பரணில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அது நிறைய அலுமினியக் காசுகள். அடியில், துணியில் முடிந்து வைத்த ஒரே ஒரு வெள்ளி ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை, 1918 என்ற வருடம். பாட்டி பல வருடம் சேர்த்த அலுமினியக் காசுகள் இன்று எந்தக் கடையிலும் செல்லாது. அந்த ஒற்றை ரூபாயை மட்டும் நகைக்கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். ஏன் இப்படி?

அந்தக் கால ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. சுத்த வெள்ளி மென்மையானது, கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிடும். கொஞ்சம் செம்பு கலந்தால் கெட்டிப்படும். உலோகக் கலவையின் பயனே இதுதான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்தார்கள். பி.காம். வகுப்பில் படித்திருப்பீர்களே, கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும் என்ற கிரெஷாம் விதி, அதேதான். 1940-இல் அரசு ரூபாயின் கலவையை மாற்றியது: வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 சதவீதம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை தோட்டாக் கூடுகளுக்குத் தேவைப்பட்ட காலம் அது. செம்பை மிச்சப்படுத்த 1943-இல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டார்கள். நம் தாத்தாக்கள் சொல்லும் 'ஓட்டைக் காலணா' இப்படித்தான் பிறந்தது. 1947-இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல்.

1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. ஒரு பைசா முதலில் வெண்கலம். செம்பு விலை ஏற ஏற, 1960-களில் அது அலுமினியமானது. 1992-இல் ஒரு ரூபாயும் எவர்சில்வராகிவிட்டது. இரும்போடு குரோமியம் சேர்ந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். பெயரில்தான் 'சில்வர்', உள்ளே வெள்ளி துளியும் கிடையாது!

அதையும் விடவில்லை. நம் நாணயங்களை வங்கதேசத்துக்குக் கடத்தி, உருக்கி, சவர பிளேடு செய்வதாக 2007-இல் செய்திகள் வந்தன. நாணயத்தை உருக்கினால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம்.

ஆக, காசில் உள்ள உலோகம் காசின் மதிப்பைத் தாண்டினால், காசு சந்தையிலிருந்து மறைந்துவிடும். அரசு உடனே இன்னொரு மலிவான உலோகத்தைத் தேடும். ஒவ்வொரு முறையும் ரூபாயின் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் மாறும்.

25 பைசா வரையிலான காசுகள் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். "அப்போ நான் காசு சேர்க்கலை, அலுமினியம்தான் சேர்த்திருக்கேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய ரூபாய் இருந்தால், விற்பதற்கு முன் வருடத்தைப் பாருங்கள். 1939-க்கும் 1940-க்கும் நடுவில் பாதி வெள்ளி காணாமல் போயிருக்கிறது!