பழைய வேட்டைத் துப்பாக்கியின் விலை



பழம்பொருள் ஒன்றைக் கண்டவுடன், "எத்தனை ஆண்டுப் பழமை?" என்று கேட்கிறோம். அடுத்து, "என்ன விலை பெறும்?" என்கிறோம். வரலாறு கற்பித்துப் பழகியவனாதலின் நான் மூன்றாவதாக ஒன்றைக் கேட்பேன்: "இது இன்னாருடையது என்பதற்குச் சான்று யாது?" வேட்டைத் துப்பாக்கியைப் பொறுத்தவரை, இந்த மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்த பிறகே விலையைப் பற்றிப் பேச இயலும்.

இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பகுதியில், 400க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907ஆம் ஆண்டு ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதனைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராகிய சர் ஜான் ஹியூவெட், ரிக்பி கம்பெனியார் செய்த .275 ரைபிள் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். ரைபிள் என்பது, குழலின் உட்புறத்தில் சுற்றிச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்களை உடைய துப்பாக்கி. அப்பள்ளங்களால் குண்டு சுழன்று நேரே பாய்கிறது.

அதே கம்பெனி அதே அளவில் செய்த ரைபிள்கள் வேறு பலவும் உண்டு. எனினும் இந்த ஒன்றின் மரக்கட்டையில் மட்டும் சிறு வெள்ளித் தகடு பதிந்திருக்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதற்காக என்பனவெல்லாம் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. நம் கோயிற் கல்வெட்டைப் போன்றது அது. சம்பாவத் புலியைக் கொன்ற துப்பாக்கியே இதுதான் என்று சிலர் கூறிவிடுகின்றனர். அது பிழை, கொன்றமைக்காகக் கிடைத்த துப்பாக்கி இது. தகட்டை ஒருமுறை படித்தாலே அவ்வையம் தீர்ந்துவிடும்.

.275 ரைபிள் எடை குறைந்தது. 1930இல் சௌகர் ஆட்கொல்லிப் புலி திடீரென எதிர்ப்பட்டபோது, கார்பெட்டின் இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலக்கை ஒன்றாலேயே ரைபிளைத் திருப்பிச் சுட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியாயின் இது நடவாது! கார்பெட் 1955இல் கென்யாவில் மறைந்தார். அவருடைய நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் ரைபிள் சேர்ந்தது. 2015இல் செய்த கம்பெனியே அதனைத் திரும்பப் பெற்று, 2016இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டிற்று. கைமாறிய வரிசையில் இடைவெளி பெரிதாக இல்லை. அதனால்தான் அதன் மதிப்பு ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது.

தகடு இல்லாத துப்பாக்கிகளுக்குச் சான்று எது? குழலிலும் இயக்கப் பகுதியிலும் உள்ள எண்களே. அவை ஒத்திருந்தால், உறுப்புகள் பின்னாளில் மாற்றப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பழைய கம்பெனிகளின் பேரேடுகள் எஞ்சியிருந்தால், எண்ணைக் கொண்டு முதலில் வாங்கியவரையும் அறியலாம். இங்கிலாந்தில் செய்தவற்றில் சோதனைச் சாலையின் முத்திரையும் இருக்கும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், பாட்டனார் காலத்துத் துப்பாக்கியை அழகுபடுத்த எண்ணி, எழுத்தும் எண்ணும் மழுங்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டனர். குழல் கண்ணாடிபோல் மின்னிற்று, வரலாறு போயிற்று. அதற்கு விலை சொல்ல எவரும் முன்வரவில்லை.

சான்றையும் நாம் சோதித்தல் வேண்டும். நம் பகுதிக்கு அந்நியரல்லாத ஒருவரைக் கொண்டே இதனை விளக்குவேன். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780இல் கும்பினிப் படையை முறியடித்த போரில் கலந்துகொண்டவர் திப்பு சுல்தான். அவருக்காக 1793-94இல் செய்யப்பட்ட வேட்டைத் துப்பாக்கி ஒன்று, பறக்கும் பறவைகளைச் சுடுவதற்கானது, செய்த தொழிலாளரின் பெயருடன் பிரிட்டனில் இருந்தது. 2023இல் அதன் மதிப்பு 20 இலட்சம் பவுன் எனக் கூறி, அந்நாட்டு அரசு அதன் ஏற்றுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அது கார்ன்வாலிஸ் பிரபுவுக்கு அளிக்கப்பட்டதாகச் சொல்வர். கார்ன்வாலிஸ் திப்புவுடன் நிகழ்த்திய போர் 1792இலேயே முடிந்துவிட்டது; 1793இல் அவர் இந்தியாவை விட்டும் சென்றுவிட்டார். ஆதலின் அது அப்போரில் அவர் கைப்பற்றிய பொருளாக இருத்தல் இயலாது. பிற்காலத்தில் வேறொருவர் கொடுத்ததாகவே இருக்கலாம். இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்த்தால் ஒரு கதையின் எல்லை தெரிந்துவிடுகிறது!

பெயரிலேயே காட்டையும் குளத்தையும் தாங்கிய எங்கள் காட்டாங்குளத்தூருக்குத் தெற்கே வேடந்தாங்கல் இருக்கிறது. அதே பதின்மத்தில் அங்கே வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டனர். ஊரார் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் கவுல் பெற்றனர். சுட்ட துப்பாக்கிகளின் எண்ணை எவரும் குறித்துவைக்கவில்லை. அவற்றில் ஒன்று இன்று நம் கைக்கு வந்தாலும், அதனை அடையாளம் காணும் வழி இல்லை.

வீட்டில் பழைய துப்பாக்கி ஏதேனும் இருப்பின், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் மறத்தலாகாது. உரிமம் இன்றிச் சுடத்தக்க துப்பாக்கியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எனவே முதலில் உரிமத் தாளைத் தேடுங்கள். முன்னோர் பெயரும் துப்பாக்கியின் எண்ணும் அதிலேயே இருக்கக் கூடும்.