டியர்டிராப் டிரெய்லர்

டியர்டிராப் டிரெய்லர் என்பது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய முகாம் வண்டி. இருவர் படுக்க இடமிருக்கும், எழுந்து நிற்க இடமிருக்காது. உடல் ஏறத்தாழ 4 அடி உயரம், 8 முதல் 10 அடி நீளம், 4 அல்லது 5 அடி அகலம். பக்கத்திலிருந்து பார்த்தால் முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து ஒடுங்கும். கண்ணீர்த்துளி என்ற பெயர் அதனால் வந்தது. விழுகிற மழைத்துளிக்கு உண்மையில் அந்த உருவம் கிடையாது. பெரிய துளி அடிப்பக்கம் தட்டையான பன் ரொட்டி போலத்தான் விழுகிறது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. சமையலறை வண்டிக்குள் இல்லை. பின்கதவை மேலே தூக்கினால் அதன் அடியில் அடுப்பு மேடையும் அலமாரிகளும் இருக்கும். சமைப்பவர் தரையில் நின்று சமைக்க, தூக்கிய கதவே அவருக்குக் கூரை.

இவ்வகை வண்டி அமெரிக்காவில் 1930களில் தோன்றியது. தொடக்கத்திலிருந்தே இது வீட்டுக் கொட்டகையில் கட்டப்படும் வண்டியாக இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உபரி அலுமினியத் தகடுகளும் ஜீப் சக்கரங்களும் மலிவாகக் கிடைத்தன. 1947 செப்டம்பரில் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் கட்டுமான வரைபடத்தை வெளியிட்டது. அதை வைத்துப் பலர் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பின்னர் கார்களின் இழுவைத் திறன் கூட, உள்ளே நின்று நடமாடும் பெரிய டிரெய்லர்கள் இதை ஓரங்கட்டின. இணையம் பரவிய பிறகு பழைய வரைபடங்கள் கைமாறத் தொடங்கி, வண்டிக்கு மறுவாழ்வு வந்தது.

பலகையின் அளவு

வண்டியின் அளவைத் தீர்மானிப்பது படுப்பவரின் உயரம் என்று தோன்றும். நடைமுறையில் அதைத் தீர்மானிப்பது பிளைவுட் பலகைதான். கடையில் கிடைக்கும் பலகை 4 அடிக்கு 8 அடி. ஒரு பலகையில் ஒரு பக்கச் சுவர் என்றால் 4 அடி உயரமும் 8 அடி நீளமும் தாமாகவே வந்துவிடும். அகலத்தை 5 அடியாக்குபவர், 5 அடிச் சதுரமாக வரும் பால்டிக் பிர்ச் பலகையைத் தேடுவார், இல்லையேல் ஒட்டுப் போடுவார். அமெரிக்காவின் ‘குயீன்’ மெத்தை 60 அங்குல அகலம். 5 அடி வண்டியில் இருபுறமும் முக்கால் அங்குலச் சுவர் போக எஞ்சுவது 58½ அங்குலம். பஞ்சு மெத்தையை நெருக்கித் திணித்துவிடலாம். சுருள்கம்பி மெத்தை அடங்காது.

சட்டமும் முன்பாரமும்

வேலை அடிச்சட்டத்தில் தொடங்குகிறது. 2 அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து செவ்வகமாக்குவது வழக்கம். போல்ட் போட்டு மாட்டும் ஆயத்தச் சட்டத்தை வாங்குவோரும் உண்டு. குழாய்களைப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமான பிறகே முழு வெல்டிங் போட வேண்டும். சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால் எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிப் போடுவார்கள்.

அச்சு இரண்டு வகை. ஒன்று வில்பட்டைகள் மேல் உட்காரும் பழைய வகை. மற்றது சதுரக் குழாய்க்குள் ரப்பர் உருளைகள் அமுங்கி அதிர்வைத் தாங்கும் முறுக்கு அச்சு. எதுவானாலும் தாங்குதிறன் வண்டியின் எடையை ஒட்டியே இருக்க வேண்டும். 450, 500 கிலோ வண்டிக்குக் கனமான அச்சைப் போட்டால் அது அமுங்கவே அமுங்காது. குழிதோறும் வண்டி துள்ளும், உள்ளே ஆணிகள் தளரும். காரில் மாட்டும் இழுகம்பின் நுனிக் கொக்கியிலிருந்து இரு சக்கர மையங்களுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நண்டு போல ஒருச்சாய்ந்து ஓடி டயரைத் தின்னும்.

அச்சை எந்த இடத்தில் பொருத்துவது என்பதுதான் மொத்த வேலையிலும் பெரிய முடிவு. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் புரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். காருக்குப் பின்னால் அதே பின்பாரம் வேறு விதமாகத் தண்டிக்கும்: வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஆட்டம் பெருகிக் காரையே திருப்பிவிடலாம். ஆகவே மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது விதி.

கணக்கு எளியது. வண்டி 500 கிலோ, அச்சிலிருந்து கொக்கி 3 மீட்டர் என்று கொள்வோம். எடைமையம் அச்சுக்கு 36 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் கொக்கியில் 60 கிலோ இறங்கும். அதாவது 12 சதவீதம். இனி, அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உள்ள சமையலறையில் 40 லிட்டர் தண்ணீரை வைத்தால் கொக்கியில் 16 கிலோ குறையும். 540 கிலோ வண்டிக்கு 44 கிலோ, 8 சதவீதம்தான். காலி வண்டியில் சரியாக இருந்தது, பயணத்துக்குச் சாமான் ஏற்றிய அன்று பிழையாகிவிடுகிறது. பேட்டரியும் கருவிப் பெட்டியுமாக 25 கிலோவை அச்சுக்கு 2.4 மீட்டர் முன்னால், இழுகம்பின் மேல் வைத்தால் 20 கிலோ திரும்பக் கிடைத்து 11 சதவீதத்துக்கு மேல் ஏறும். இந்த வண்டிகளின் மூக்கில் ஒரு பெட்டி உட்கார்ந்திருப்பதற்கு அழகு காரணமல்ல. சரிபார்க்க, வண்டியை மட்டமாக நிறுத்திக் கொக்கியின் கீழே உடல் எடை பார்க்கும் தராசை வைத்தாலே போதும்.

சுவர், கூரை, தோல்

தளம் பிளைவுட்டால் ஆனது. அடிப்பக்கம் தார்ப்பூச்சு பூசிச் சட்டத்தோடு போல்ட் போடுவார்கள். பக்கச் சுவரின் வளைவை முதலில் மெல்லிய பலகையில் வரைந்து வார்ப்புரு வெட்டுவது நல்லது. வளையும் ரீப்பரை நிறுத்தி அதன் ஓரமாகக் கோடு போட்டால் வளைவில் முட்டு விழாது. இரு சுவர்களையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் இழைத்தால்தான் இரட்டையர் போல அமையும். சுவர்களுக்கு இடையே குறுக்கு ரீப்பர்கள் ஓடும். அவற்றின் உட்புறத்தில் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டை வளைத்து ஒட்டி, இடைவெளியில் பாலிஸ்டைரீன் நுரைப்பலகை அடைப்பார்கள். மின்கம்பிகளையும் இந்தக் கட்டத்திலேயே ஓட்டிவிட வேண்டும். மேல்தோல் போர்த்திய பிறகு நினைவுக்கு வரும் விளக்குக்குக் கம்பி போகாது.

வெளித்தோல் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் மெலிந்த அலுமினியத் தகடு. வெயிலில் அலுமினியம் விரியும், மரம் அவ்வளவாக விரியாது. 3.5 மீட்டர் தகடு 40 டிகிரி வேறுபாட்டில் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். முழுக்கப் பசை போட்டு ஒட்டினால் அந்த நீளம் போக்கிடமின்றிப் புடைத்துக்கொள்ளும். அதனால் பலர் தகட்டை ஒட்டாமல், ஓரப்பட்டிகளின் அடியில் மட்டும் பிடித்து மிதக்க விடுகிறார்கள். பட்டிக்கு அடியில் பியூட்டைல் நாடா நீரைத் தடுக்கும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் தகட்டுக்குப் பதில் பருத்திக் கான்வாஸ் துணியை மரப்பசையில் ஒட்டி, மேலே வீட்டுச் சுவர் பெயின்ட் அடிப்பார்கள். பார்க்க எளிமை, ஆனால் உழைக்கும்.

கட்டுவோரின் பொறுமையைச் சோதிப்பது பின்கதவு. வளைத்து ஒட்டிய கதவு, பிடிகளைக் கழற்றியதும் சற்றே நிமிர்ந்துகொள்ளும். ஓரத்தில் இடைவெளி விழும். அனுபவப்பட்டவர்கள் கதவின் விலா எலும்புகளைச் சுவரின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து வெட்டுவார்கள். கதவின் மேல்விளிம்பில் ‘ஹரிகேன்’ கீல் என்ற, ஒன்றுக்குள் ஒன்று சொருகும் நீளமான அலுமினியக் கீல் வரும். இடையில் துளை இல்லாததால் மழை இறங்காது. இத்தனைக்கும் பிறகு ஒழுகுவது பெரும்பாலும் இந்தக் கதவின் பக்க ஓரங்களில்தான். அங்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி நீரைக் கீழே இறக்கிவிடுவதே முழுக்க அடைப்பதைவிட நம்பகமானது.

காற்றும் பதிவும்

மூடிய சிறு அறையில் இருவர் மூச்சு விட்டால் விடியலில் சுவரெல்லாம் நீர் கோத்திருக்கும். கூரையில் 14 அங்குலச் சதுரக் காற்றுத்துளையும் 12 வோல்ட் விசிறியும் வைப்பது இதற்காகவே. உள்ளே அடுப்போ எரிவாயு கணப்போ பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

காருக்கும் டிரெய்லருக்கும் இடையே, அமெரிக்க வழக்கப்படி, நான்கு கம்பி இணைப்பு போகும்: வெள்ளை தரைக்கம்பி, பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். பாதுகாப்புச் சங்கிலிகளை இழுகம்பின் அடியில் குறுக்காகப் போட வேண்டும். கொக்கி கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டில் ஏந்திக்கொள்ளும். தனி பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 3,000 பவுண்டு வரை விலக்கு தரும் மாநிலங்கள் பல. கலிஃபோர்னியாவில் எல்லை 1,500 பவுண்டு. வீட்டில் கட்டியதற்குத் தொழிற்சாலை எண் இல்லாததால், பல மாநிலங்களில் போக்குவரத்துத் துறையே ஓர் அடையாள எண்ணை ஒதுக்கித் தரும். இரும்பு, அச்சு, சக்கரம் வாங்கிய ரசீதுகளைக் கேட்பார்கள் என்பதால் முதல் நாளிலிருந்தே ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பது கட்டுவோரின் பழக்கம்.