வண்டிச் சக்கரத்தில் பிறந்த வளையம்



திருவருகைக் காலத்தில் பீடத்தருகே நாம் வைக்கும் பச்சை வளையம், பழங்காலத் துறவு மடங்களின் வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இன்னும் 200 வயதுகூட நிறையவில்லை. அது பிறந்த இடமும் நம் ஆலயம் அன்று. லூத்தரன் சபையைச் சேர்ந்த ஒருவர் நடத்திய ஏழைப் பிள்ளைகளின் இல்லம்.

அவர் பெயர் யோகான் ஹின்றிச் விக்கர்ன். 1808இல் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். 15 வயதில் தந்தையை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்துக்கு உதவியவர். வறுமை அவருக்கு ஏட்டில் படித்த செய்தி அன்று. இறையியல் படித்தபின் நகரின் சேரிகளுக்குள் நுழைந்து பார்த்தார். திக்கற்ற பிள்ளைகளுக்காக 1833இல் நகருக்கு வெளியே ஒரு பழைய குடிசை வீட்டில் இல்லம் தொடங்கினார். சிறைபோல அடைத்து வைக்காமல், சிறுசிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அண்ணனைப் பொறுப்பாக வைத்தார்.

‘கிறிஸ்து பிறப்பு எப்போது வரும்?’ என்று அந்தப் பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்களாம். பண்டிகையே அறியாமல் வளர்ந்த பிள்ளைகள் கேட்காமல் என்ன செய்வார்கள்? 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து அதன்மேல் மெழுகுதிரிகளை நட்டார் விக்கர்ன். அந்த ஆண்டு திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 1ஆம் நாள். 24ஆம் நாள் வரை எண்ணினால் ஞாயிறுகள் நான்கு, மற்ற நாள்கள் இருபது. எனவே பெரிய வெள்ளைத் திரிகள் நான்கு, சிறிய சிவப்புத் திரிகள் இருபது. நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஏற்ற, எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் இன்னும் எத்தனை நாள் என்பது விளங்கிற்று.

பச்சைத் தழை சுற்றியது பின்னால், ஏறத்தாழ 1860இல். இடமும் செலவும் குறைவாக இருக்க வேண்டுமே, ஆகவே வீடுகளுக்குள் வந்தபோது ஞாயிறுக்குரிய நான்கு திரிகளே நிலைத்தன. 1925இல் கொலோன் நகரக் கத்தோலிக்க ஆலயம் ஒன்றிலும், 1930இல் மியூனிக்கிலும் வளையம் இடம்பெற்றது. நம் பீடத்துக்கு வரும்போது திருவழிபாட்டு நிறங்களை ஏற்று ஊதா மூன்று, மகிழ்ச்சி ஞாயிறுக்கு இளஞ்சிவப்பு ஒன்று என்று மாறியது. பிரிந்த சகோதரரிடமிருந்து வந்தது என்பதற்காக நம் திருச்சபை அதைத் தள்ளவில்லை. மக்களின் பக்தி முயற்சிகள் பற்றி வத்திக்கான் 2001இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் இந்த வளையத்தைப் பாராட்டியே பேசுகிறது.

இப்போது கடைகளில் பிளாஸ்டிக் வளையங்கள் நல்ல விலைக்கு விற்கின்றன. வாங்க முடியாத வீட்டார் தங்கள் வாசல் வெறுமையாக இருக்கிறதே என்று கூச வேண்டியதில்லை. தேய்ந்த சக்கரத்தில் தொடங்கியதற்கு நம் வீட்டுப் பழைய சைக்கிள் ரிம் போதாதா? சவுக்குக் கிளையை வளைத்துச் சணல் கயிற்றால் கட்டினால் வாசற்கதவுக்கு வளையம் தயார். ஒன்றை மட்டும் கவனிப்போம்: காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும், ஆகவே கதவில் திரி வேண்டாம். நான்கு திரிகளையும் வீட்டினுள் மணல் நிரப்பிய தட்டில் நட்டு, மாலைச் செபத்தில் பிள்ளைகளை ஏற்றச் சொல்வோம்.