குழந்தைகளின் நித்திரைச் சுவாசத் தடை

உறக்கத்தில் தொண்டையின் காற்றுப்பாதை சுருங்கியோ அடைபட்டோ மூச்சு தடைப்படுவதும், பிராணவாயு குறைந்து நித்திரை கலைவதுமான இந்நோய், குழந்தைகளில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்குக் காணப்படுகிறது. தொண்டையின் அளவுக்கு மிஞ்சி டான்சிலும் அடினாய்டும் பருத்திருக்கும் 2 முதல் 8 வயது வரையான பருவத்தில் அது விசேஷமாகத் தோன்றும்.

குறட்டை விடும் பிள்ளை அயர்ந்து உறங்குகிறதென்று வீட்டார் மகிழ்வது பெரும்பிழை. வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுப்பதும், குறட்டை சட்டென நின்று சில கணம் நிசப்தமாகிப் பின் திணறலுடன் மூச்சு மீள்வதும், வியர்வையில் தலையணை நனைவதும், படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் இதன் லக்ஷணங்கள். பெரியவர்களைப்போல் பகலில் தூங்கி வழியாமல், இப்பிள்ளைகளில் அநேகர் ஓரிடத்தில் நில்லாது திரிந்து, அடங்காதவர்களென்று பள்ளியில் தண்டனை பெறுவது பரிதாபம்.

1976-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் கில்லெமினோவும் அவருடைய சகாக்களும் எட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய பின்னரே இந்நோய் வைத்திய உலகின் கவனத்தைப் பெற்றது.

சொத்தைப் பல்லுக்காக வந்த பிள்ளையை நாற்காலியில் சாய்த்து வாய் திறக்கச் சொல்லும் பல் வைத்தியர், இந்நோய்க்கு ஏதுவான குறுகி உயர்ந்த மேலண்ணத்தையும், பின்தங்கிய கீழ்த்தாடையையும், நடுவில் ஒன்றையொன்று தொடுமளவு பருத்த டான்சில்களையும் ஒருங்கே காணும் வாய்ப்புடையவர். எனினும், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017-ல் வரையறுத்தபடி, ஐயுற்று விசாரித்து மருத்துவரிடம் அனுப்புவதே அவர் கடமை. இரவு முழுதும் நடத்தும் நித்திரைப் பரிசோதனையைக் கொண்டு நோயை நிர்ணயிப்பவர் மருத்துவரே. டான்சிலையும் அடினாய்டையும் அகற்றுவது முதற் சிகிச்சை. அண்ணம் குறுகிய சிலருக்கு அதனை விரிக்கும் கருவியும் பொருத்தப்படும்.