திருப்புட்குழியும் தாத்தாவின் கட்டிலும்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் வயசானவங்க இருந்தா பொறுமையா வாசிங்க.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் இருக்கு திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புள் என்றால் பறவை. ராவணனோடு சண்டை போட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் இதுதான் என்கிறது தலபுராணம். மூலவர் விஜயராகவப் பெருமாள், குளத்துக்குப் பெயர் ஜடாயு தீர்த்தம். (புள்ளபூதங்குடியிலும் வைத்தீஸ்வரன்கோயிலிலும் இதே கதை சொல்வாங்க. அந்தச் சண்டைக்கு நான் வரல.)

ஒரு டாக்டரா எனக்கு இந்தக் கதையில் இரண்டு விஷயம் கண்ணில் படும். ஒன்று, ஜடாயு ஒரு கிழவர். "எனக்கு வயசாச்சு, நீ இளைஞன்" என்று அவரே ராவணனிடம் சொல்வதாக வால்மீகியில் வருது. இருந்தும் எழுந்து பறந்தார். இரண்டு, கொள்ளி வைத்தவர் அவர் பெற்ற பிள்ளை இல்லை, நண்பனின் பிள்ளை.

ஊர் நினைவில் தங்கியது அந்தக் கடைசிச் சடங்குதான். நம்ம வீடுகளிலும் அப்படித்தான். "அப்பாவைக் கடைசி வரைக்கும் நல்லா பார்த்துக்கிட்டான்" என்றால் ஆஸ்பத்திரிச் செலவும் காரியமும்தான் கணக்கில் வரும். அதுக்கு முந்தின பத்து வருஷம்? அதில்தான் பெரிய தப்பு நடக்குது. அதுவும் பாசத்தில் நடக்குது.

கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு: "அவரை ஒரு வேலையும் செய்ய விடறதில்ல டாக்டர். காபிகூட கட்டிலுக்கே போயிடும்." பெருமையா சொல்வாங்க. அந்தத் தாத்தாவின் தொடையைத் தொட்டுப் பார்த்தால் எலும்புதான் தட்டுப்படும்.

இதில் குடும்பத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. படுக்கையை மருந்தாகக் கொடுத்ததே நாங்கதான். போன நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரைக்கும் அசையாமல் படுக்க வைப்பது சாதாரண சிகிச்சை. "ரெஸ்ட் எடுங்க" என்ற சொல் அங்கிருந்துதான் நம்ம வீட்டு ஹாலுக்குள்ளும் வந்தது.

அதை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். 1935-ல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. 714 பேர். பலர் வருஷக்கணக்கில் படுத்த படுக்கை. "தீராத நோயாளிகள்" என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள்.

வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். இவருக்கு என்ன நோய், எது சரியாகும், இவரால் எழுந்து நிற்க முடியுமா? அப்புறம் வார்டையே மாற்றினார். சுவருக்கு வெளிர் நிற பெயின்ட், பிடித்து நடக்கக் கைப்பிடி, காலுக்குப் பொருத்தமான செருப்பு. அதிசய மருந்து எதுவும் கிடையாது. 'படுத்த படுக்கை' என்று எழுதி வைத்தவர்களில் நிறைய பேர் எழுந்து நடந்தார்கள், சிலர் வீட்டுக்கே போனார்கள். முதியோர் மருத்துவம் ஒரு தனித்துறையாக வளர்ந்தது இந்த வேலையிலிருந்துதான்.

1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற இன்னொரு மருத்துவர், படுக்கையின் ஆபத்துகள் பற்றியே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். நிமோனியா, ரத்தக்கட்டி, படுக்கைப்புண், மலச்சிக்கல், தசை உருகுதல், மனச்சோர்வு என்று வரிசையா அடுக்கினார். இன்றைக்கும் அதில் ஒன்றைக்கூட அடிக்க முடியாது. 2007-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 67 வயது ஆரோக்கியமானவர்கள் 12 பேரைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிருந்தது. நோய் இல்லாதவர்களுக்கே இந்தக் கதி!

நம்ம பக்கம் வருவோம். இங்கே அரசு முதலில் யோசித்தது பணத்தை. 1962-ல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் தொடங்கியது. பார்த்துக்க ஆள் இல்லாதவர்களுக்கு மட்டும். பிள்ளை இருந்தால் பிள்ளை பார்த்துப்பான் என்பது கணக்கு. (நிஜத்தில் பார்த்தது மருமகள். முதுகு போனதும் அவங்களுக்குத்தான்.) உடம்பைப் பற்றிய கேள்வி அப்புறம்தான் வந்தது. 1978-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார். நாட்டிலேயே இதுதான் முதல். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது.

ஆனால் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துப் பாட்டி சென்னைக்கு எப்படி வருவாங்க? மருத்துவம்தான் வாசலுக்குப் போகணும். 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றே பலர் நினைக்கிறாங்க. அதில் வலி தணிப்புச் சிகிச்சையும் இருக்கு, வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் இருக்கு. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். வாரன் வார்டில் செய்தது இப்போ திண்ணையில் நடக்குது.

காஞ்சி வட்டாரத்தில் தறி வீடுகளைப் பார்த்தவங்களுக்கு இன்னொன்று தெரியும். குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்கணும். எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து. கண் மங்கிய பாட்டிகூட ஒரு மூலையில் ராட்டையில் தார் சுற்றிக்கிட்டு இருப்பாங்க. இதை நான் புகழ்ந்து சொல்லல. முட்டியும் முதுகும் கண்ணும் அந்த வேலையில்தான் தேயுது. ஆனா "இனிமே நீங்க தறிப் பக்கமே வரவேண்டாம்பா" என்று ஒரே நாளில் கட்டிலில் உட்கார வைத்தால், முட்டி வலி குறையும், கூடவே எழுந்து நிற்கும் பலமும் போயிடும். தறியை நிறுத்தலாம். நடையை நிறுத்தக்கூடாது.

இன்றைக்கே ஒன்று பண்ணுங்க. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நீங்க பக்கத்திலேயே நின்னுக்கிட்டு, கையை ஊன்றாமல் எழச் சொல்லிப் பாருங்க. முடியலைன்னா தொடை பலவீனம். கழிவறையில் விழ வாய்ப்பு அதிகம். அங்கே ஒரு கைப்பிடி போடுங்க, காபியை டேபிளில் வைத்துக் கூப்பிடுங்க. புதுசா மூச்சுத்திணறல், எலும்பு முறிவு, திடீர்னு கை கால் இழுத்துக்கிறது என்றால் இந்தப் பரிசோதனை வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரணும்னா உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்க. முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.