ஜீப்பு போகாத நாட்கள்

எங்க ஊர் போடியில விடியக்காலை ஜீப்பு சத்தம் கேட்டா, பல வீட்டுல அன்னைக்கு உலை கொதிக்கும்னு அர்த்தம். போடிமெட்டு ஏறி, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏத்திட்டுப் போற ஜீப்பு.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லையில் கலவரம். ஜீப்பு நின்னுபோச்சு, காய் எடுக்கப் போற எங்கம்மாவும் வீட்டில்தான். நான் அப்போ ஒன்பதாவது. ராத்திரி கஞ்சிதான். ஆனா மத்தியானம் பள்ளிக்கூடத்துல சுடுசோறும் முட்டையும் உண்டு.

1950-களில் காமராஜர் ஆரம்பித்த மதிய உணவை, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். வீண்செலவுன்னு சொன்னவங்களும் உண்டு. அந்தச் செலவுலதான் நான் அந்த மாசம் சாப்பிட்டேன்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தப்போ எல்லையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே மூடிக்கிச்சு. அஞ்சாவது படிச்ச சித்தி பொண்ணு தினமும் கேட்பா: "அண்ணே, ஸ்கூல் எப்பத் திறக்கும்?" படிப்பு மேல ஆசைன்னு நினைச்சேன். முட்டைக்காகக் கேட்டிருக்கா.

பிறகு அரசாங்கம் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு கொடுத்தது. நல்லதுதான். ஆனா வீட்டுக்கு வந்த அரிசி எல்லாருக்கும் பொது. பள்ளிக்கூடத் தட்டு மட்டும்தாங்க பிள்ளைக்கே சொந்தம்.

2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியாச்சு. இலவசம்னு யாராவது இளக்காரமா பேசினா, எனக்கு அவ கேட்ட கேள்விதான் ஞாபகம் வருது.