நறுமண மை அச்சு

ஸ்கிரீன் பிரிண்டிங் மையில் மணப்பொருளைச் சேர்த்து, உடுத்தும்போதும் தேய்க்கும்போதும் வாசனை எழும்படி ஆடையில் அச்சிடும் முறை நறுமண அச்சு எனப்படும். டி-ஷர்ட்டுகள், விளம்பரச் சட்டைகள், விழாச் சட்டைகள் ஆகியவற்றில் இது கையாளப்படுகிறது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். ஜொகூர் பாரு வட்டாரத்தில் பள்ளி விளையாட்டு விழா, தைப்பூசக் காவடிக் குழு, ஓட்டப் போட்டி என்று ஒரே மாதிரிச் சட்டை அச்சிட்டு அணிவது வழக்கம். அத்தகைய சட்டையில் மணமும் சேர்க்க நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் வெப்பம்தான். மை இறுகச் சூடு வேண்டும். அதே சூட்டில் மணம் ஆவியாகிவிடும்.

ஜொகூரின் அன்னாசியையே எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் அன்னாசி மிகுதியாக விளைவது இந்த மாநிலத்தில்தான். மலேசிய அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகமும் ஜொகூர் பாருவிலேயே உள்ளது. அன்னாசி வாசனைக்குக் காரணமான சேர்மங்களில் ஒன்று எத்தில் பியூட்டிரேட். அது 121 டிகிரி செல்சியசில் கொதித்துவிடும். ஆவியாவதோ அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். சட்டை அச்சில் பரவலாகப் பயன்படும் பிளாஸ்டிசால் மை முழுதாக இறுக ஏறத்தாழ 160 டிகிரி வேண்டும். எனவே அன்னாசித் தைலத்தை மையில் நேராக ஊற்றிக் கலக்கினால், உலர்த்தியைச் சுற்றிப் பட்டறை முழுதும் மணக்கும், சட்டை மணக்காது. ஆரஞ்சுத் தோலின் லிமோனீனுக்குக் கொதிநிலை 176 டிகிரி. ஆனால் 50 டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சூடான உலர்த்தியின் அருகே இதை அசட்டையாகக் கையாளக் கூடாது.

கிராம்பின் யூஜினால், சந்தனத்தின் சாண்டலால் போன்ற கனத்த மணங்கள் சூட்டை ஓரளவு தாங்கும். வனிலின் நன்றாகவே தாங்கும். ஆனால் நாளடைவில் பழுப்பேறும் இயல்புடையது என்பதால் வெள்ளை மைக்கு ஆகாது. எந்தத் தைலமானாலும் மைக்குள் கரைப்பானாகவும் வேலை செய்யும். அளவு மிஞ்சினால் பிளாஸ்டிசால் இறுகாமல் பிசுபிசுக்கும், சலவையில் அச்சு உரியும்.

சூட்டில் மணம் ஆவியாகும் சிக்கலுக்கு விடை மையைச் செய்தவர்களிடமிருந்து வரவில்லை, காகிதத் தொழிலிலிருந்து வந்தது. கார்பன் தாள் இல்லாமலே நகல் எடுக்கும் காகிதத்துக்காக அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் பாரெட் கிரீன், லோவெல் ஷ்லைக்கர் இருவரும் எண்ணெய்த் துளிகளை ஜெலட்டின் உறைக்குள் அடைக்கும் வழியைக் கண்டனர். அதற்கான காப்புரிமை 1957-இல் கிடைத்தது. பின்னர் 3எம் நிறுவனத்தின் கேல் மாட்சன் யூரியா-ஃபார்மால்டிஹைடு உறை கொண்ட நுண்ணுறைகளை உருவாக்கினார். சுரண்டினால் மணக்கும் அட்டைகளும் சிறுவர் நூல்களும் அந்த வழியில் வந்தவை. இந்திய அஞ்சல் துறை 2006 டிசம்பரில் சந்தன மணத்துடன் ஓர் அஞ்சல்தலையும், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரோஜா மண அஞ்சல்தலைகளும் வெளியிட்டது. அஞ்சல்தலை சலவைக்குப் போவதில்லை. சட்டை போகும், ஆடை அச்சின் கடினம் அதில்தான் இருக்கிறது.

துணிக்குரிய நுண்ணுறைகள் பெரும்பாலும் சில மைக்ரான் அளவில், நீரில் மிதக்கும் பால் போன்ற குழம்பாக விற்கப்படுகின்றன. மெலமைன்-ஃபார்மால்டிஹைடு உறை உலர்த்திச் சூட்டைச் சில நிமிடம் தாங்கும். ஜெலட்டின் உறை அந்த அளவு தாங்காது. குழம்பு நீர் சார்ந்தது என்பதால் எண்ணெய்த்தன்மை கொண்ட பிளாஸ்டிசாலோடு ஒட்டாது. நிறத்துகளும் (பிக்மெண்ட்) அதை இழையில் பிடித்துவைக்கும் பசையும் (பைண்டர்) கொண்ட நீர் மையில் எளிதாகக் கலக்கும். மணச் சட்டைக்கு நீர் மையே சரியான தேர்வு.

வேலையைச் செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் மணமில்லாத மையில் படத்தை அச்சிட்டு, கையில் ஒட்டாத அளவு உலர்த்த வேண்டும். பிறகு நிறமற்ற பைண்டரில் நுண்ணுறைக் குழம்பைக் கடைசியாகச் சேர்த்து, மெஷின் போடாமல் கரண்டியால் மெல்லக் கிளறி, படத்தின் மேல் ஒரு பூச்சாக அச்சிட வேண்டும். மிக்சரில் வேகமாக அடித்தால் உறைகள் டப்பாவிலேயே உடைந்துபோகும். மையை வலையில் இழுக்கும் ஸ்குவீஜியை அழுத்தி இழுப்பதும் அதே கேட்டைச் செய்யும். ஒரு சென்டிமீட்டருக்கு 43 நூல் கொண்ட வலையின் கண்கள் நுண்ணுறையைவிடப் பல மடங்கு பெரியவை; அதில் இலேசான கைப்பதமே போதும். குறைந்த சூட்டில் இறுகும் பைண்டரும், பிடிப்பை உறுதியாக்கும் ஃபிக்ஸரும் சேர்ந்தால், கடைசியில் உலர்த்தியில் இறுக்கும்போது மணம் மேலும் மிஞ்சும். சட்டை நன்றாக ஆறியபின் விரல் நகத்தால் அச்சை ஒருமுறை தேய்த்து முகர வேண்டும். தேய்க்காமலே பலமாக மணந்தால் உறைகள் ஏற்கெனவே உடைந்துவிட்டன என்று பொருள். அச்சின் மேல் இஸ்திரிப்பெட்டி படாமல், சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கும்படி வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஜொகூரின் வெக்கையும் ஈரக்காற்றும் இதில் இரு வகையில் குறுக்கிடும். நீர் மை வலையில் சீக்கிரம் காய்ந்து அடைத்துக்கொள்ளாது என்பது ஆதாயம். துணியில் உலரக் கூடுதல் நேரம் பிடிப்பதும், குழம்பு டப்பாவைத் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிப்பதும் இழப்பு. டப்பாவை வெயிலில் நிற்கும் வேனில் விட்டுவைக்கக் கூடாது.

சட்டை நாள் முழுதும் வியர்வையோடு தோலை ஒட்டியிருப்பது. மணச் சேர்மங்களில் லிமோனீன், லினலூல் போன்றவை காற்றுபட்டு மாறும்போது சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். ஃபார்மால்டிஹைடு உறைகளிலிருந்து அதன் எச்சமும் வெளிப்படலாம். ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 தரத்தில், தோலை ஒட்டும் துணிக்கு ஃபார்மால்டிஹைடு கிலோவுக்கு 75 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. குழந்தைத் துணிக்கு அது கண்டறியும் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். கைக்குழந்தைகளின் ஆடைக்கு நறுமண அச்சு வேண்டவே வேண்டாம். எந்த வாசனையும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. பெரியவர்களின் சட்டையிலும் அச்சை நெஞ்சுப் பக்கம் சிறிதாக வைப்பது பாதுகாப்பு.

ஸ்கிரீன் கழுவும் நீரில் உறைத் துகள்களும் மையும் கலந்திருக்கும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் திட்டமிட்ட கழிவு விதிமுறைகளில் மைக் கழிவும் அடங்கும்; அதைக் கால்வாயில் கொட்டுவது குற்றம். 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனத்தால் மாணவர்கள் நோயுற்று, 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது அச்சுக் கழிவு அன்று. ஆனாலும் கால்வாயில் ஊற்றியது எங்கே போகும் என்பதை ஜொகூர் மக்கள் நேரில் கண்டனர்.

செயற்கை உறைகளும் நுண்பிளாஸ்டிக்காகவே கருதப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பொருள்களில் வேண்டுமென்றே சேர்க்கும் நுண்பிளாஸ்டிக்குக்குத் தடை விதித்தபோது, நறுமணத்தைப் பொதியும் செயற்கை பாலிமர் உறைகளுக்கு 2029 அக்டோபர் வரை அவகாசம் தந்தது. மாற்றாக, பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும்படி செய்த பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஆராயப்படுகிறது. மாவுச்சத்திலிருந்து பெறப்படும் இதன் வளையத்தில் ஏழு குளுக்கோஸ் அலகுகள் உண்டு. நடுக்குழியில் மண மூலக்கூறைத் தாங்கி, ஈரம் பட்டால் மெல்ல விடும். மணம் தீர்ந்ததும் அதே குழியை மீண்டும் நிரப்ப முடியும்.